ஐப்டேசியா அறுபதைத் தாண்டிருச்சு, வெத்தலைச் சுண்ணாம்பு போடலாமா?

உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். என் கடல்மீன் தொட்டி மூணடி, ஏறக்குறைய 190 லிட்டர். 14 மாசமா ஓடுது. உள்ளே ரெண்டு கோமாளி மீன், ஒரு ஆறுகோட்டு ராஸ் மீன், ஹேமர் பவளம் ஒண்ணு, பட்டன் பாலிப் (பொத்தான் மாதிரி கூட்டமா வளர்ற, பவளத்துக்கு உறவான உயிர்) நாலு வகை.

அஞ்சு மாசத்துக்கு முந்தி ஈப்போவில ஒரு கடையில பட்டன் பாலிப் ஒட்டின கல் ஒண்ணு வாங்கினேன். அதோட ஓரத்துல சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடியில செஞ்ச தென்னங்கன்னு மாதிரி ஒண்ணு நின்னுச்சு. அழகா இருக்குன்னு என் மக அதுக்குப் பேரு கூட வச்சா. அது ஐப்டேசியா, அதாவது தொட்டி பூராப் பெருகிப் பக்கத்துப் பவளத்தைக் கொட்டுற கடல் அனிமோன்னு அப்ப எனக்குத் தெரியல. தெரிஞ்ச அன்னைக்கே எங்கப்பாவோட பழைய ரப்பர் பால்வெட்டுற கத்தி நுனியால சுரண்டி எடுத்தேன். முழுசா வந்துடுச்சுன்னுதான் நெனச்சேன்.

நேத்து ராத்திரி டார்ச் அடிச்சு எண்ணிப் பார்த்தா 63. கல்லுக்குப் பின்னாடி, தண்ணி வழிஞ்சு இறங்குற ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ள, பம்ப்போட வாயிலன்னு எல்லா இடத்துலயும் இருக்கு. ஹேமர் பவளத்துக்குப் பக்கத்துல மூணு நிக்குது. அந்தப் பக்கத்துத் தலை ஒரு வாரமா விரியவே இல்ல.

சாயங்காலம் வெத்தலை போடும்போது எங்க பாட்டி தொட்டி முன்னாடிதான் உக்காருவாங்க. "அதுமேல கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவுடா, கருகிப் போகும்"னாங்க. அப்புறம் தேடிப் பார்த்தா வெளிநாட்டுல பவளத் தொட்டிக்குக் கால்க்வாசர்னு போடுறதும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா? போடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


செம்பனைக்காடு (தெலுக் இந்தான்)
செவ்வாய், இரவு 11.15

அண்ணே, அந்தக் கல்லை வெளியே எடுத்துப் பெரிய பானையில போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்க. ஒண்ணும் மிஞ்சாது. நான் ஒருதடவை அப்படித்தான் செஞ்சேன்.


நீலக்கல் (நிபோங் திபால்)
செவ்வாய், இரவு 11.32

தம்பி உப்புத்தண்ணி, தயவு செஞ்சு அந்தக் கல்லைக் கொதிக்க வைக்காதீங்க. இதை இந்த ராத்திரியே படிக்கணும்னுதான் உடனே எழுதுறேன்.

உங்க கல்லுல பட்டன் பாலிப் இருக்கு. அந்தக் குடும்பத்துல பாலிதோவா வகைகள்ல பாலிடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கலாம். புரதம் அல்லாத நஞ்சுகள்ல உலகத்திலேயே மிகக் கொடியவற்றுல ஒண்ணு. ஹவாயில, மாவி தீவோட ஹானா பக்கம், 'ஹானாவின் சாவுப் பாசி'ன்னு சொல்லி மக்கள் பயந்து ஒதுக்கி வச்சிருந்த உயிர்ல இருந்துதான் 1971இல் அதைப் பிரிச்சாங்க. சமையல் சூடு அதை அழிக்காது. கொதிக்கிற பானையில இருந்து ஆவியோட ஏறி மூச்சுக்குள்ள போயிடும். கல்லைக் கொதிக்க வச்ச வீடுகள்ல குடும்பத்தோட ஆஸ்பத்திரியில படுத்த சம்பவங்கள் பல நாட்டுல பதிவாகியிருக்கு: காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வாயில கசப்பு. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்தே கிடையாது. உங்க வீட்டுல பிள்ளை இருக்கு, வயசான பாட்டி இருக்காங்க.

கொதிக்க வைக்கிறது மட்டும் இல்ல. காய விட்டுச் சுரண்டுறது, வெந்நீர் ஊத்துறது, கல்லைத் தேய்ச்சுத் தண்ணி தெறிக்க விடுறது, எல்லாம் ஆபத்துதான். அந்தக் கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்க. கையில வெட்டுக்காயம் இருந்தா தொடவே வேணாம்.


செம்பனைக்காடு (தெலுக் இந்தான்)
புதன், காலை 6.50

அக்கா, எனக்கு இது தெரியாது. நான் கொதிக்க வச்சது பாலிப் இல்லாத காஞ்ச கல். அதனாலதான் தப்பிச்சேன் போல. யாரும் என் பேச்சைக் கேட்டுச் செஞ்சுடாதீங்க, ப்ளீஸ். அடுப்படியில அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க அன்னைக்கு. இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.


கடலோரம் (பாகான் டத்தோ)
புதன், மதியம் 1.20

தம்பி, சுண்ணாம்புக் கேள்விக்கு வரேன்.

முதல்ல கத்தி. ஐப்டேசியாவை வெட்டினா அது சாகாது, பெருகும். கல்லுல ஒட்டியிருக்கிற பாதத்துல ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது தனி உயிரா வளரும். அது சும்மா நகர்ந்து போகும்போதே பாதத்துத் துணுக்கை விட்டுட்டுப் போற வகை. கோரைப்புல்லை மேலே செதுக்கினா கிழங்கு அடியில கிடந்து மறுபடி முளைக்குதே, அதே கதைதான். அதனால இனி கத்தி, பிரஷ், நகம் எதுவும் வேணாம்.

பாட்டி சொன்னது அடிப்படையில சரி. வெத்தலைச் சுண்ணாம்பும் கால்க்வாசரும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனா பசாருல டப்பாவில வர்ற சுண்ணாம்புல வேற என்ன கலந்திருக்குன்னு வெளியே எழுதியிருக்காது. இளஞ்சிவப்பா இருந்தா மஞ்சள் சேர்ந்திருக்கும். வாய்க்கு ஒத்துக்கிறது பவளத்துக்கு ஒத்துக்காது. மீன் கடையில கேட்டா தொட்டிக்குன்னே வர்ற தூள் கிடைக்கும். ஒரு டப்பா வருசக்கணக்கா வரும். அதையே வாங்குங்க.

தூளோட ஆர்.ஓ. தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டுத் தயிர் பதத்துக்குக் குழைங்க. ஊசி இல்லாத மருந்து சிரிஞ்ச், நுனியில மெல்லிசான பிளாஸ்டிக் குழாய். எல்லாப் பம்ப்பையும் நிறுத்துங்க. தண்ணி முழுசா அடங்கற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் ஐப்டேசியாவோட வாய்க்கு நேரா, தொடாம, மேல கொண்டு போய் ஒரு பொட்டு வைக்கணும். தொட்டா குழிக்குள்ள இழுத்துக்கும், அன்னைக்கு அதை விட்டுடணும். தொடாம வச்சா சாப்பாடுன்னு நெனச்சு அதுவே விழுங்கும்.

ஒரு நாளைக்கு அஞ்சாறுக்கு மேல வேணாம். சுண்ணாம்பு தண்ணியோட பி.எச்.சை, அதாவது காரத்தன்மையைத் தூக்கும். 8.5ஐ நெருங்கினா அன்னைக்கு நிறுத்திடுங்க. கால் மணி நேரம் கழிச்சு வெள்ளையா மிஞ்சினதைச் சின்னக் குழாயால உறிஞ்சி எடுத்துட்டுப் பம்ப்பைப் போடுங்க. அந்த வெள்ளை ஹேமர் மேல பறந்தா ஹேமரும் கருகும்.

63 இருந்தா சுண்ணாம்பு மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியிறதுக்குத்தான் அது. பாறைக்குள்ள இருக்கிறதுக்கு வாயுள்ள ஆள் வேணும்.


உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
புதன், இரவு 9.05

நன்றிண்ணே, நன்றிக்கா. கல் தண்ணிக்குள்ளயேதான் இருக்கு.

வாயுள்ள ஆள்னா பெப்பர்மின்ட் இறாலா? கடையில சிவப்புக் கோடு போட்ட இறால் நிறைய நிக்குது. நாலு வாங்கிப் போடட்டுமா?

இன்னொண்ணு. ராத்திரி எண்ணும்போது கல்லிடுக்குல ஒரு ஜாண் நீளத்துக்குப் புழு, ரெண்டு பக்கமும் வெள்ளை முடியா இருக்கு. அதையும் எடுக்கணுமா?


பவளத்தோட்டம் (கிள்ளான்)
புதன், இரவு 10.30

இறால் விஷயத்துல நான் பட்டிருக்கேன், சொல்றேன்.

பெப்பர்மின்ட் இறால், அதாவது ஐப்டேசியா தின்னும்னு பேரு வாங்கினது, அட்லாண்டிக் பக்கத்து இறால். நம்ம பக்கக் கடல்ல பிடிச்சு வர்றதுல பெரும்பாலும் ஒட்டக இறால். ரெண்டும் சிவப்பு, ரெண்டுக்கும் கோடு. வித்தியாசம் என்னன்னா, பெப்பர்மின்ட் உடம்பு ஊடுருவிப் பார்க்கிற மாதிரி இருக்கும், சிவப்புக் கோடு மெல்லிசா நீளவாக்குல ஓடும். ஒட்டக இறாலுக்கு முதுகுல கூன், சிவப்போட வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சுன்னு தெரியும், பெரிய கண், மூக்கு முள் மேல தூக்கி நிக்கும். நான் அஞ்சு வாங்கினேன். மூணே வாரத்துல என் பட்டன் பாலிப் காலனி ஒண்ணை மொட்டையாக்கிடுச்சு. ஐப்டேசியா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. கடைக்காரர் பேரு மாத்தி வித்தாரா, அவருக்கே தெரியலையா, தெரியல. வாங்குறவங்கதான் பார்த்து வாங்கணும்.

அசல் பெப்பர்மின்ட்டே கூட எல்லாம் தின்னாது. மீனுக்குப் போடுற தீனி வயிறு நெறையக் கிடைச்சா ஐப்டேசியாவைச் சீண்டாது.

மீன்ல காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை இருக்கு. நம்ம கடல்லயே இருக்கிற மீன், கடைக்கு அடிக்கடி வரும். ஆனா பாதிக்கு மேல தொட்டியில தீனி எடுக்காம இளைச்சே செத்துப்போகுதுங்க. 190 லிட்டர்ல அதை வைக்கிறது பாவம். ஃபைல்ஃபிஷ்ல ஒரு வகை, புல்தரையில இருக்கிற பச்சையும் பழுப்புமா உள்ளது, நல்லாவே தின்னும். ஐப்டேசியா தீர்ந்ததும் பவளத்தைக் கொத்திப் பார்க்கிற குணமும் அதுக்கு உண்டு.

புழுவை விடுங்க. அது முள்புழு, அழுகினதைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ற உயிர். கையால மட்டும் தொடாதீங்க. முள் ஏறினா செல்லோடேப் ஒட்டிப் பிடுங்கணும்.


உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, மாலை 5.15

தூள் வாங்கிட்டேன். இன்னைக்கு முதல் தடவை.

பம்ப்பை நிறுத்தினதும் வீடே அமைதியாயிடுச்சு. ஹேமருக்குப் பக்கத்துல இருந்த பெரிய ஐப்டேசியாவை முதல்ல எடுத்துக்கிட்டேன். சிரிஞ்ச் நுனியை அதுக்கு மேல ஒரு அரை அங்குலத்துல பிடிச்சு ஒரு பொட்டு. சுண்ணாம்பு அப்படியே தயிர்க்கட்டி மாதிரி எறங்கி வாய்வட்டத்து நடுவுல உக்காந்துச்சு. ரெண்டு மூச்சு விடுற நேரம் ஒண்ணும் ஆகல. அப்புறம் ஓரத்துல இருந்த இழைங்க ஒண்ணொண்ணா உள்ள மடங்குச்சு, குடை மூடுற மாதிரி. மொத்தமும் சுருங்கி, கல்லுல வெள்ளையா ஒரு உருண்டை மட்டும் மிஞ்சுச்சு. பத்து நிமிஷத்துல அது பழுப்பாகிக் கூழ் ஆயிடுச்சு.

ஆறு வச்சேன், நாலு சரியா விழுந்துச்சு. ஓவர்ஃப்ளோவுல இருந்த ரெண்டும் குழாய் நிழல் பட்டதுமே உள்ள போயிடுச்சு. பி.எச். 8.1ல இருந்து 8.3 ஆச்சு, அதோட நிறுத்திட்டேன். பாட்டி பக்கத்துல நாற்காலி போட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தாங்க.


தாமான்_மீன் (லாபிஸ்)
ஞாயிறு, இரவு 8.00

நடுவுல கேக்கிறேன், மன்னிக்கணும். என் தொட்டியில ராத்திரி டக் டக்னு சத்தம், நத்தை ஓடு உடைஞ்சு கிடக்குது. என்னவா இருக்கும்?


கடலோரம் (பாகான் டத்தோ)
ஞாயிறு, இரவு 8.25

மான்டிஸ் இறாலா இருக்கலாம், நம்ம பக்கம் உடாங் லிப்பான்னு சாப்பிடுறோமே, அந்தக் குடும்பம். பிஸ்டல் இறாலும் சத்தம் போடும், ஆனா அது நத்தையை உடைக்காது. எந்தக் கல்லுல இருக்குன்னு சத்தத்தை வச்சுக் கண்டுபிடிங்க. அந்தக் கல்லை வாளியில எடுத்து வச்சுக் குழிக்குள்ள சோடாத் தண்ணியைச் சிரிஞ்சால விட்டா வெளிய ஓடி வந்துடும். தொட்டிக்குள்ள செய்யாதீங்க, விரலையும் விடாதீங்க. கிழிச்சுடும்.


நீலக்கல் (நிபோங் திபால்)
திங்கள், இரவு 9.50

உப்புத்தண்ணி, சுண்ணாம்பைத் தொடருங்க. அடுத்தது பெர்கியா. ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல ஓடில்லாத கடல் நத்தை. நுடிபிராங்க்னு சொல்வோமே, அதுல ஒண்ணு. அதுக்கு உலகத்துல ஒரே சாப்பாடு ஐப்டேசியா. பவளத்தைத் தொடவே தொடாது.

பகல்ல ஒளிஞ்சிருக்கும், ராத்திரிதான் வரும். ஒவ்வொண்ணுலயும் ஆண், பெண் ரெண்டும் இருக்கிறதால எந்த ரெண்டு சேர்ந்தாலும் முட்டை போடும். வெள்ளை நூலைச் சுருட்டி வச்ச மாதிரி இருக்கும் முட்டை. பொரிய ஏறக்குறைய 12 நாள். முதல் மாசம் ஒரு மாற்றமும் தெரியாது. அந்த மாசத்துலதான் நெறைய பேரு பொறுமை இழந்து வேற மருந்து எதையாவது ஊத்திடுறாங்க. குட்டி வளர்ந்து அதுங்களும் தின்ன ஆரம்பிச்ச பிறகுதான் கூட்டம் குறையும்.

உங்களுக்கு ஒரு தடை இருக்கு. ஆறுகோட்டு ராஸ் இருக்கிற தொட்டியில பெர்கியா நிக்காது, தின்னுடும். பெப்பர்மின்ட் இறாலும் அப்படித்தான். ராஸை வேற தொட்டிக்கு மாத்தினாதான் ஆகும். அதுவரைக்கும் காசைப் போடாதீங்க.


உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
அடுத்த வாரம், சனி, காலை 8.10

ராஸைப் பிடிச்சாச்சு. மினரல் வாட்டர் போத்தலோட கழுத்தை வெட்டித் தலைகீழாச் சொருகி, உள்ள இறால் துண்டு வச்சேன். மூணு நாள் சுத்திச் சுத்திப் பார்த்துட்டுப் போயிடுச்சு. நாலாம் நாள் காலையில விளக்கு போடுறதுக்கு முன்னாடி உள்ள இருந்துச்சு. இப்ப தனியா 40 லிட்டர் தொட்டியில இருக்கு.

பவளத்தோட்டம் அண்ணன் தன் தொட்டியில பெருகினதுல எட்டு பெர்கியா கொடுத்திருக்காரு. கிள்ளான்ல இருந்து சொந்தக்காரர் காருல, குளிர்பெட்டியில வச்சு வந்துச்சு. விளக்கை அணைச்சு, பம்ப்பை நிறுத்தி, பம்ப் வாயில பஞ்சு கட்டி, ஒவ்வொண்ணாக் குழாயில எறக்கி ஐப்டேசியா பக்கத்துல விட்டேன். காலையில ஒண்ணைக்கூடக் காணோம்.


பவளத்தோட்டம் (கிள்ளான்)
சனி, காலை 9.00

காணோம்னா நல்லது தம்பி. தேடாதீங்க. கல்லைப் புரட்டாதீங்க.


உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
மூணு வாரம் கழித்து, வியாழன், இரவு 11.40

இப்ப புதுப் பிரச்சினை. கண்ணாடியிலயும் மணல்லயும் துரு நிறத்துல சின்னச் சின்னதா தட்டைப்புழு. வால் பக்கம் மூணா பிரிஞ்சிருக்கு. பத்து நாளைக்கு முந்தி நாலஞ்சு இருந்துச்சு, இன்னைக்குக் கண்ணாடி ஓரம் பூராத் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு வேளை ராஸ்தான் இதையெல்லாம் தின்னு அடக்கி வச்சிருந்துச்சோ? மருந்து ஊத்தினா பெர்கியா என்னாகும்?


கடலோரம் (பாகான் டத்தோ)
வெள்ளி, காலை 7.15

ராஸ்தான் அடக்கி வச்சிருக்கும். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு தலைதூக்குது, தொட்டி அப்படித்தான்.

மருந்து ஊத்தாதீங்க. பெர்கியாவுக்கும் ஆகாது, இன்னொரு காரணமும் இருக்கு. இந்தச் சிவப்புத் தட்டைப்புழு சாகும்போது உடம்புல இருக்கிற நஞ்சைத் தண்ணியில விடும். ஆயிரக்கணக்குல ஒரே நேரத்துல செத்தா மீன் மொத்தமும் போயிடும். எனக்கு அது நடந்திருக்கு. 2 மணிக்கு மருந்து ஊத்தினேன், 4 மணிக்கு என் ஏழு வருசத்து டாங் மீன் பக்கவாட்டுல சாஞ்சு மூச்சு வாங்கிக்கிட்டிருந்துச்சு. நஞ்சை இழுக்கக் கரி போட்டேன், பாதித் தண்ணியை மாத்தினேன். காப்பாத்த முடியல. அன்னைக்கு நான் செஞ்ச தப்பு மருந்து இல்ல. மருந்துக்கு முன்னாடி புழுவைக் குறைக்காம விட்டதுதான்.

ஏர்பம்ப்புக்குப் போடுற மெல்லிசான குழாய் எடுங்க. வாளிக்குள்ள பழைய சாக்ஸ் கட்டி, அதுல விழுற மாதிரி தினம் உறிஞ்சுங்க. புழு சாக்ஸ்ல நிக்கும், தண்ணி திரும்பத் தொட்டிக்குப் போகலாம். வெளிச்சம் பட்ட இடத்துலதான் கூடும், மத்தியானம் உறிஞ்சுறது லேசு. ரெண்டு வாரம் விடாம செஞ்சா அடங்கும். பெர்கியா வேலை முடிஞ்சதும் ராஸ் திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்துக்கும்.

சாக்ஸ்ல நின்னதை லொங்காங்குல (சாக்கடையில) கொட்டாதீங்க. ப்ளீச் தண்ணியில ஒரு ராத்திரி ஊற விட்டு அப்புறம் ஊத்துங்க. ப்ளீச்சோட வினிகர் மட்டும் சேரக்கூடாது, விஷவாயு வரும்.


செம்பனைக்காடு (தெலுக் இந்தான்)
வெள்ளி, மதியம் 12.40

எனக்கும் இப்ப ஐப்டேசியா வந்திருக்கு, பதினஞ்சு இருக்கும். கூட்டாளி ஒருத்தன் தொட்டியை மொத்தமாக் காலி பண்ணிட்டு, தீவுல போய் நல்ல கல்லா எடுத்துட்டு வரலாம்ங்கிறான். என்ன சொல்றீங்க?


நீலக்கல் (நிபோங் திபால்)
வெள்ளி, மதியம் 2.05

வேணாம் தம்பி. கடல் பூங்காவுல பவளம் எடுக்கிறது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளங்க, அருகிவர்ற உயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட 2ஆம் பட்டியல்லயும் இருக்கு. சட்டத்தை விடுங்க, சூட்டுல வெளுத்து வெளுத்து மீண்டு வர்ற பாறை அது. நம்ம தொட்டிக்காக அதுல கை வைக்க மனசு வரக்கூடாது. கடல்ல இருந்து நேரா வர்ற கல்லுலதான் ஐப்டேசியா, மான்டிஸ், முரட்டு நண்டு எல்லாமே சேர்ந்து வரும்.

பதினஞ்சுக்குச் சுண்ணாம்பே போதும். அதோட இனி புதுப் பவளம் எது வாங்கினாலும் அடியில அது ஒட்டி வர்ற சின்னக் கட்டையைக் கழட்டிப் போட்டுடுங்க. பூச்சியும் முட்டையும் கட்டையிலதான் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பேசின்ல, பவளத்துப் பூச்சியைப் போக்குற டிப் மருந்துல அதுக்குச் சொன்ன நேரம் முக்கி, சிரிஞ்சால லேசா ஊதி விட்டா என்னென்ன விழுதுன்னு வெள்ளையில தெரியும். டிப் முட்டையைக் கொல்லாது. அதனால வாரம் ஒருதடவை திரும்பச் செஞ்சு, மணல் இல்லாத தனித் தொட்டியில ஒரு மாசத்துக்கு மேல வச்சிருந்துதான் பெரிய தொட்டிக்கு. அவசரத்துல நானும் ஒருதடவை இதை விட்டேன். மூணு வருசம் வளர்த்த அக்ரோபோராப் பவளத்தைப் புழு அரிச்சுடுச்சு.


உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
அஞ்சு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 6.30

தட்டைப்புழு அடங்கிடுச்சு. 16 நாள் சாக்ஸ் வச்சு உறிஞ்சினேன். கடைசி மூணு நாள் சாக்ஸ்ல ஒண்ணும் விழல.

பெர்கியா பத்திச் சொல்லணும். போன மாசம் ஒரு ராத்திரி 3 மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். சிவப்பு டார்ச் அடிச்சுப் பார்த்தா ஓவர்ஃப்ளோ சுவத்துல ஒண்ணு போகுது. ஐப்டேசியாவோட இழை நுனி பட்டதும் முதுகுல இருக்கிற முடியையெல்லாம் சிலுப்பிக்கிட்டு அப்படியே நின்னுச்சு, பூனை சிலுப்புற மாதிரி. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் மெதுவா தலையை நீட்டித் தண்டுல வாயை வச்சுச்சு. ஐப்டேசியா சுருங்குச்சு, இது விடல. கால் மணி நேரத்துல ஒரு சின்னக் குமிழ்தான் மிச்சம். சுவத்து மூலையில வெள்ளை நூல் சுருள் ரெண்டு இருந்துச்சு.

நேத்து எண்ணினேன். கல்லுல ஒண்ணும் இல்ல. ஓவர்ஃப்ளோவுல மட்டும் மூணு. ஹேமர் ரெண்டு பக்கமும் விரியுது, ஒடுங்கிக் கிடந்த தலையில புது இழை வந்திருக்கு.

ஆனா இப்ப ராத்திரி எண்ணினா பெர்கியா பதினொண்ணு தெரியுது. மூணு ஐப்டேசியா எத்தனை நாளைக்கு வரும்? பட்டினியில சாக விட மனசில்ல. செம்பனைக்காடு தம்பி, உங்க தொட்டியில ராஸ், இறால் எதுவும் இல்லையே?


செம்பனைக்காடு (தெலுக் இந்தான்)
ஞாயிறு, காலை 7.10

இல்லண்ணே, ரெண்டு கோமாளி மட்டும்தான். சுண்ணாம்பு வச்சும் பின்பக்கத்துல நாப்பதுக்கு மேல நிக்குது. எப்ப வரட்டும்?


உப்புத்தண்ணி (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, காலை 7.25

இன்னைக்கு ராத்திரி பிடிச்சு வைக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் பீடோர்ல மாமா வீட்டுக்கு வரேன், அங்க வந்துடுங்க. மூடி இறுக்கமா உள்ள டப்பா ரெண்டும் உங்க தொட்டித் தண்ணி ஒரு போத்தலும் கொண்டு வாங்க. பம்ப் வாயில பஞ்சை இன்னைக்கே கட்டிடுங்க.